கோவைப் பட்டறை முதலாளிகளுக்கு: அந்தக் கால் வட்டங்களை எங்கள் கையில் கொடுங்கள்

குறிச்சி சிட்கோ, கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி, மலுமிச்சம்பட்டி, அரசூர் என்று ஊரைச் சுற்றித் தொழிற்கூடம் நடத்தும் முதலாளிகளுக்கு,

வணக்கமுங்க.

உங்கள் மெஷின் ஷாப் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. இடதுபக்கம் ஆட்களின் பெயர், மேலே மெஷின்களின் பெயர், நடுவில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் நாலு கூறு. ஒரு கூறு கறுப்படித்திருந்தால் ஆள் அந்த வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறார். அரை வட்டம் என்றால் பக்கத்தில் ஒருவர் நின்றால் செய்வார். முக்கால் என்றால் தனியாகச் செய்வார். முழு வட்டம் என்றால் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பார். ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று அதற்குப் பெயர். ஐஎஸ்ஓ தரச் சான்று வாங்கிய இடங்களில் அநேகமாக ஒன்று இருக்கும். பெரிய கம்பெனிகளுக்குச் சப்ளை செய்கிற சில இடங்களில் கண்ணாடிச் சட்டம் போட்டே மாட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பலகையை நிரப்புவது யார் என்பதுதான் இந்த மடலின் பேச்சு.

என்னைப் பற்றி ஒரு வரி. 2001-இல் ஐடிஐயில் டர்னர், அதாவது லேத்தில் கடைசல் பிடிக்கிற வேலை, முடித்தேன். ஒரு வருடம் அப்ரண்டிஸ். அப்புறம் நாலு இடம் மாறினேன். லேத், கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் சிஎன்சி, கொஞ்சம் விஎம்சி என்ற மில்லிங் மெஷின். இப்போது ஓர் இடத்தில் மெஷின் ஷாப்பைப் பார்த்துக்கொள்கிறேன். அதாவது அந்தப் பலகையின் வலதுபக்கம் நின்று மற்றவர்களுக்குக் கறுப்படிக்கிற ஆள் இப்போது நானே. அதனால் இதில் என் மேலும் பழி உண்டு.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஆடிட்டுக்கு ஒரு வாரம் இருந்தது. பலகை மூன்று வருடம் பழையது. வேலையை விட்டுப் போனவர்களின் பெயரெல்லாம் அதில் இருந்தது. சூபர்வைசரும் குவாலிட்டிக்காரரும் டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாற்பது பேருக்கும் வட்டம் போட்டு முடிக்க அரை மணி நேரம் ஆனது. சிஎன்சி செட்டிங்கில், அதாவது புது ஜாபுக்கு டூலும் அளவும் பொருத்தி மெஷினைத் தயார் செய்வதில், எனக்கு முக்கால் வட்டம். அதுவரை நான் தனியாக செட் செய்த ஜாப்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எனக்கு உண்மையிலேயே கை படிந்திருந்தது சாதா லேத்தில் ஜாபைக் கவ்வும் நாலு தாடைச் சக்கில் அதைச் சென்டர் பிடிப்பதில். அதற்குப் பலகையில் கட்டமே இல்லை.

ஆடிட்டர் நேரே என்னிடம் வந்துவிட்டார். "இந்த முக்கால் வட்டம் உங்களுக்கு எதை வைத்துக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். நான் சூபர்வைசர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஏதோ சொல்லிச் சமாளித்தார். ஆடிட்டரும் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்கு அந்தக் கேள்வி தொண்டையில் நின்றது. எதை வைத்துக் கொடுத்தார்கள் என்பதை விடுங்கள். என்னையே கேட்டிருந்தால் நான் எதை வைத்துச் சொல்லியிருப்பேன்? ஆறு வருடம் சிஎன்சியில் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான் சொல்லத் தெரிந்திருக்கும்.

மறுநாள் டீ நேரத்தில் எங்கள் மூத்த டர்னர் ஒருவரிடம் இதைப் புலம்பினேன். டூல் பிட்டைக் கையில் தீட்டியே வளர்ந்த தலைமுறை அவர். சிரித்துவிட்டு ஒன்று கேட்டார்: "நீ மெஷினை ஓட்டறியா கண்ணு, இல்ல அது ஓடறதப் பாத்துட்டு நிக்கறியா?"

சுருக்கென்றுதான் இருந்தது. எங்கள் தொழிலில் பட்டன் ஆபரேட்டர் என்று ஒரு சொல் உண்டு. ஜாபை மாட்டுவான், சைக்கிள் ஸ்டார்ட் அழுத்துவான், கதவு திறந்ததும் கழற்றுவான். புரோகிராம், அளவை நுணுக்கமாகத் திருத்தும் ஆஃப்செட், டூல் எல்லாம் மெஷினை செட் செய்கிற செட்டர் பாடு. அவனை இழிவாகச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு ஷிஃப்டில் முந்நூறு பீஸைக் கீறல் படாமல் எடுத்து வைப்பதும் வேலைதான். ஆனால் அந்த வேலையில் பத்து வருடம் நின்றாலும் ஒருவனை அது செட்டர் ஆக்காது. அது அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சர்வீஸ் பத்து வருடம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருப்போம்.

அன்றைக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். மெஷின் பெயரை எழுதவில்லை, வேலையின் பெயரை எழுதினேன். தேய்ந்த வெட்டுமுனையை, அதாவது இன்செர்ட்டை, மாற்றி ஆஃப்செட் சரிசெய்வது. சக்கின் மென்தாடையான சாஃப்ட் ஜாவை ஜாப் அளவுக்குக் குடைவது (போர் அடிப்பது). புது ஜாப் செட் செய்து முதல் பீஸ் ஓகே வாங்குவது. இருக்கிற புரோகிராமைத் திருத்துவது. வெறும் டிராயிங்கை வைத்துப் புரோகிராம் எழுதுவது. துளையின் விட்டம் அளக்கும் போர் கேஜை, அளவு தெரிந்த மாஸ்டர் ரிங்கில் ஜீரோ செய்வது. டிராயிங்கில் உள்ள ஜியோமெட்ரி குறிகளைப் படிப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டே விஷயம்: கடைசியாக எப்போது செய்தேன், அப்போது பக்கத்தில் யார் நின்றார்கள்.

எழுத எழுத என் முகத்தில் எனக்கே அசடு வழிந்தது. ஆறு வருடத்தில் புது ஜாப் செட்டிங்கில் நான் கை வைத்தது பதினோரு முறை. தனியாக மூன்று. புரோகிராம் எழுதியது சுத்தமாக இல்லை. எஸ்200 என்று புரோகிராமில் இருப்பதை ஆயிரம் முறை பார்த்திருப்பேன். மேலே ஜி96 இருந்தால் அது நிமிடத்துக்கு 200 மீட்டர் வெட்டு வேகம், ஜி97 இருந்தால் நிமிடத்துக்கு வெறும் 200 சுற்று என்பது எனக்குத் தெரியாது. 50 மில்லி விட்டத்தில் 200 மீட்டர் என்றால் ஸ்பிண்டில் நிமிடத்துக்குச் சுமார் 1,273 சுற்று சுற்ற வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிற ஆளுக்கு நீங்கள் செட்டர் என்று முக்கால் வட்டம் போட்டிருக்கிறீர்கள். மெஷின் பிழைத்தது உங்கள் அதிர்ஷ்டம்.

அந்த நோட்டுதான் எனக்கு வழி காட்டியது. எந்த வேலையை யாரிடம் கேட்டு வாங்குவது என்று தெரிந்தது. அடுத்த ஒன்றரை வருடம் செட்டருக்குப் பின்னாலேயே அலைந்தேன். ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரம் கூடுதலாக நின்றேன். சாஃப்ட் ஜா போரிங் அவருக்கு அலுப்பான வேலை, அதை வாங்கிக்கொண்டேன். பதிலுக்கு அவர் ஆஃப்செட் பக்கத்தைத் திறந்து காட்டினார். இப்படிப் பண்டமாற்று முறையில்தான் நான் செட்டர் ஆனேன். கம்பெனி எனக்கு இதில் எதுவும் தரவில்லை, தடுக்கவும் இல்லை. தடுக்காத இடம் கிடைத்தது என் யோகம்.

சரி, இதை ஏன் உங்களுக்கு எழுத வேண்டும்? அவனவன் நோட்டு வாங்கி எழுதிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள்.

நியாயம்தான். ஆனால் ஆபரேட்டர் தன் குறையைக் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதாது. அதைச் சரிசெய்ய மெஷின் வேண்டும், நேரம் வேண்டும், கெட்டுப்போனால் பரவாயில்லை என்று சொல்ல நாலு பீஸ் மெட்டீரியல் வேண்டும். இந்த மூன்றும் உங்கள் கையில் இருக்கிறது. பெரிய ஐடி கம்பெனிகளில் வருடா வருடம் ஆளே தன்னைப் பற்றி எழுதிக் கொடுக்கிற படிவம் இருக்கிறதாம். அங்கே வேலை பார்க்கிற என் தங்கை மகன் அதைப் பற்றிப் பேசினாலே தலையில் அடித்துக்கொள்கிறான். கடமைக்கு எழுதுகிறோம் மாமா, யாரும் படிப்பதில்லை என்கிறான். அந்த மாதிரி ஒன்றை இங்கே கொண்டுவந்து இறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஐஎஸ்ஓ 9001-இன் 2015 பதிப்பில் 7.2 என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேலைக்கு என்ன தகுதி வேண்டும் என்று தீர்மானி, ஆளுக்கு அது இருக்கிறதா என்று உறுதி செய், இல்லையென்றால் அதற்கு வழி செய், செய்த வழி பலித்ததா என்று பார், அத்தாட்சி வை. அவ்வளவுதான் அதன் சாரம். வட்டம் போடு, பலகை மாட்டு என்று அதில் எங்கேயும் இல்லை. பலகை நாமாகக் கண்டுபிடித்த சுலப வழி. அத்தாட்சி வேண்டும் என்றால் அந்த வேலையைச் செய்தவனிடம் கேட்பதை விட நேர் வழி என்ன இருக்கிறது? முதல் பீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து அவனுடையது. ரிஜெக்ஷன் ரிஜிஸ்டரில் பெயர் அவனுடையது. அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவனே தன் வட்டத்தை நிரப்பட்டும். நீங்கள் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே உங்கள் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். அவனவனைக் கேட்டால் எல்லாரும் முழு வட்டம் போட்டுக்கொள்வார்களே?

போடுவார்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன். இப்போது இருக்கிற இடத்தில் முதல் தடவை வெறும் வட்டங்களைக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். எட்டு மாதம் முன்னால் சேர்ந்த பையன் செட்டிங்கில் முழு வட்டம் போட்டான். அவனுக்கு செட்டிங் சொல்லிக்கொடுத்த பெரியவர் அரை வட்டம் போட்டார். ஏனுங்க இப்படி என்றால், "நமக்கு என்னங்க தெரியும், அந்த ஐந்து ஆக்சிஸ் மெஷின் பக்கம் போனதே இல்லையே" என்றார். அவருக்குத் தெரியாதது எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பையனுக்கு அது தெரியவில்லை.

இதை ஆராய்ந்தே சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டன்னிங், ஜஸ்டின் க்ரூகர் என்ற இரண்டு பேர் 1999-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்களுக்குத் தர்க்கம், இலக்கணம், நகைச்சுவை உணர்வு என்று சோதனை வைத்து, நீ எந்த இடத்தில் இருப்பாய் என்று அவர்களையே கேட்டார்கள். கடைசிக் கால் பங்கில் வந்தவர்கள், நூறு பேர் வரிசையில் கீழிருந்து சராசரியாக 12-ஆம் இடத்தில் இருந்தார்கள். ஆனால் தாங்கள் 62-ஆம் இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். மேல் கால் பங்கில் வந்தவர்களோ தங்களைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். வேலையைச் சரியாகச் செய்யத் தேவையான அறிவும், செய்தது சரியா என்று கண்டுபிடிக்கத் தேவையான அறிவும் பெரும்பாலும் ஒன்றேதான், முதலாவது இல்லாதவனுக்கு இரண்டாவதும் இருக்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தக் கணக்கைப் பற்றிப் பிற்பாடு வாதங்கள் வந்திருக்கின்றன. ஆனால் எங்கள் ஷாப்பில் அந்தப் பையனையும் பெரியவரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த எனக்கு வாதம் தேவைப்படவில்லை.

அதனால் கேள்வியை மாற்றினேன். எவ்வளவு தெரியும் என்று கேட்டால் மனிதன் மனசுக்குள் பார்ப்பான். அங்கே பொய்யும் இருக்கும், கூச்சமும் இருக்கும். கடைசியாக எந்த ஜாப், எந்தத் தேதி, யார் பக்கத்தில் நின்றார்கள், முதல் பீஸ் எத்தனையாவது முயற்சியில் ஓகே ஆனது என்று கேட்டால் அவன் ரிஜிஸ்டரைப் பார்ப்பான். இரண்டாவது தடவை அதே பையன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். பிறகு கால் வட்டம் போட்டுக் கொடுத்தான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவருக்கு மட்டும் சொன்னேன், அண்ணா முழு வட்டம் போடுங்க, நீங்கள் சொல்லிக்கொடுத்த ஆறு பேர் இங்கேயே நிற்கிறார்கள் என்று.

அளவு எடுப்பதிலும் இப்படித்தான். டிராயிங்கில் துளைக்கு (போர்) 25 எச்7 என்று இருந்தால் 25.000 முதல் 25.021 மில்லி வரை என்பதை எங்கள் பையன்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். போர் கேஜ் 25.018 காட்டுகிறது, இப்போது என்ன செய்வாய் என்று கேட்டுப் பாருங்கள். புது இன்செர்ட்டா? அப்படியென்றால் தேயத் தேய போர் சிறுத்து உள்ளே வரும், கொஞ்ச நேரம் விடலாம். காலையில் முதல் பீஸா? மெஷின் இன்னும் சூடேறவில்லை, நாலு பீஸ் ஓடட்டும். இல்லை, கேஜ் ஜீரோ நகர்ந்துவிட்டதா? மாஸ்டர் ரிங்கை எடு. இந்த மூன்று கேள்வியும் தானாக மனசில் ஓடுகிறவன்தான் முக்கால் வட்டக்காரன். அளவைப் பார்த்ததும் ஆஃப்செட்டில் விரல் வைக்கிறவன் இன்னும் அரை வட்டம். இப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னக் கதை எழுதி வட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டோம். இந்தக் கதையில் நீ எங்கே நிற்கிறாய் என்று கேட்டால் ஆள் பொய் சொல்வது கஷ்டம். தன்னிடம் தானே சொல்லிக்கொள்வதும் கஷ்டம்.

இப்போது சம்பளம். இதைச் சொல்லாமல் மடலை முடித்தால் அது நேர்மை இல்லை.

தயவுசெய்து இந்தத் தாளையும் இன்கிரிமென்ட்டையும் ஒரே மாதத்தில் வைக்காதீர்கள். ஒரு முறை, ஒரே ஒரு முறை, நீ எழுதினதுதானே, ரெண்டு இடத்தில் கால் வட்டம் போட்டிருக்கியே, அப்புறம் என்ன சம்பள உயர்வு என்று யாரிடமாவது கேட்டுவிட்டால் கதை முடிந்தது. அடுத்த வருடம் வாட்ச்மேன் வரைக்கும் முழு வட்டம். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. தன் குறையைத் தானே எழுதிக் கொடுத்து, அதற்காகவே தன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை இழக்க எந்த மனிதனும் தயாராக மாட்டான். சம்பளம் தீபாவளிப் பக்கம் பேசுகிறீர்களா? அப்படியானால் இதைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். தாள் ஆளின் கையில் ஒன்று, ஷாப் பொறுப்பாளரிடம் ஒன்று. ஆபீஸ் ஃபைலுக்குப் போகவே கூடாது.

அப்புறம், எல்லா முதலாளிகளும் சொல்கிற ஒரு வாக்கியம் இருக்கிறது. கற்றுக்கொடுத்தால் ஓடிப்போய்விடுவான். எதிர்க் கம்பெனிக்காரன் ரெண்டாயிரம் கூடக் கொடுத்து இழுத்துக்கொள்வான்.

உண்மைதான், போவான். நானே போயிருக்கிறேன். ஆனால் ஏன் போனேன் என்று யோசித்துப் பார்த்தால், இரண்டு தடவை பணத்துக்காக, ஒரு தடவை வேறு காரணம். அந்த இடத்தில் ஹவுசிங் என்ற ஒரே உதிரிப் பாகத்தை நாலு வருடம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஹவுசிங், ஒரே மூன்று டூல். அடுத்த வருடமும் அதுதான் என்று தெரிந்ததும் கால் தானாக வெளியே நடந்தது. கற்றுக்கொடுக்காவிட்டாலும் ஆள் போகத்தான் போகிறான். போகாமல் இருக்கிறவன் யார் என்று பாருங்கள். வேறு எங்கும் போக முடியாதவன். அப்படிப்பட்டவர்கள் மட்டும் தங்கும் ஷாப்பை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படி அடுத்த ஆர்டரை எடுப்பீர்கள்?

நம் ஊரில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் லேத்தில் நின்றவர்கள்! இந்த ஊரின் பம்ப்செட்டும் கிரைண்டரும் அப்படி வேலை செய்து கற்றுக்கொண்டவர்கள் கையில் வளர்ந்தவைதான். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட ஜி.டி.நாயுடுவை ஊரே கொண்டாடுகிறது. ஒரு நாள் உங்களுக்கும் தோன்றியிருக்கும், நம்மால் தனியாகச் செய்ய முடியும் என்று. அன்றைக்கு நீங்கள் செய்ததும் ஒரு சுய மதிப்பீடுதான், எந்தப் படிவமும் இல்லாமல். எனக்கு வேலை தெரியும், டூல் தெரியும், பார்ட்டி தெரியும், கடன் கிடைக்கும் என்று விரல் விட்டு எண்ணியிருப்பீர்கள்.

எண்ணாமல் இறங்கியவர்களையும் எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்த்தவர், எங்கள் எல்லாரையும் விட நல்ல கை. பழைய லேத் ஒன்று வாங்கி ஜாப் ஒர்க் ஆரம்பித்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பீஸுக்கு என்ன விலை கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இன்செர்ட் செலவு, கரன்ட், தன் கூலி எதையும் சேர்க்காமல் பக்கத்துக்காரனை விட அம்பது காசு குறைத்துக் கொடுத்தார். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. அதைச் சொல்லிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, கேட்டால் அடுத்த ஆர்டர் வராதே என்ற பயம். இரண்டரை வருடத்தில் லேத்தை விற்றுவிட்டு மறுபடி வேலைக்கு வந்தார். முன்பு என் நோட்டில் எழுதிய மாதிரி அவர் ஒரு தாளில் எழுதியிருந்தால், டர்னிங் முழு வட்டம், கொட்டேஷன் வெறும் வட்டம், வசூல் வெறும் வட்டம் என்று வந்திருக்கும். அதைப் பார்த்த பிறகும் இறங்கியிருக்கலாம். ஆனால் வசூல் தெரிந்த ஒரு பங்காளியோடு இறங்கியிருப்பார்.

இதை நான் சொல்லக் காரணம், எங்களுக்குப் போக வேண்டிய வழி ஒன்று மட்டும் இல்லை. ஆபரேட்டர், செட்டர், புரோகிராமர், சூபர்வைசர் என்று ஒரே ஏணியாகத்தான் நீங்களும் நாங்களும் நினைக்கிறோம். அதனால் ஏணியில் இடம் காலியாகும் வரை எல்லாரும் வரிசையில் நிற்கிறோம். ஆனால் கை நிதானமும் கண் கூர்மையும் உள்ளவனுக்கு இன்ஸ்பெக்ஷன் இருக்கிறது, அங்கிருந்து முப்பரிமாணத்தில் அளவெடுக்கும் சிஎம்எம் மெஷினுக்குப் போகலாம். மெஷின் சத்தம் மாறினால் காது நிமிர்கிறவனுக்கு மெயின்டனன்ஸ் இருக்கிறது. அரை வட்டத்துக்காரனைப் பார்த்தால் சொல்லிக்கொடுக்கக் கை பரபரக்கிறவன், பயிற்றுநர்களுக்கான ஓராண்டு சிஐடிஎஸ் பயிற்சி முடித்தால் ஐடிஐயில் பயிற்றுநர் வேலைக்கு முயற்சிக்கலாம். படிக்க ஆசை இருந்தால் இரண்டு வருட ஐடிஐ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேரலாம். இது எங்கள் பையன்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. வெறும் வட்டத்தைப் பார்த்தால் குறைதான் தெரியும். ஆனால் எந்த வேலையை யாரும் சொல்லாமலே போய்ப் போய்ச் செய்திருக்கிறான் என்பதும் அந்தத் தேதிகளில் தெரியும். ஆளின் போக்கு அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஷாப்பில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் இருந்த ஒரு பெண்ணின் தாளில் இது தெரிந்தது. ஐந்து வருடமாக அளவு எடுத்துக்கொண்டிருந்தவர். புரோகிராம் திருத்துவது என்ற வரிக்கு எதிரே ஏழு தேதி எழுதியிருந்தார். எங்களுக்கு ஆச்சரியம். ரிஜெக்ஷன் வரும்போதெல்லாம் காரணம் கண்டுபிடிக்கச் செட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று, சிமுலேஷனைப் பார்த்து, இந்த வரியில் தப்பு என்று இவரே சொல்லியிருக்கிறார். பலகையில் அவர் பெயருக்கு எதிரே புரோகிராமிங் கட்டத்தில் கோடு போட்டு அடைத்து வைத்திருந்தோம், சம்பந்தமில்லை என்று. இப்போது அவர் கம்ப்யூட்டரில் புரோகிராம் உருவாக்கும் கேம் (CAM) மென்பொருள் கற்றுக்கொண்டிருக்கிறார். ராத்திரி ஷிஃப்டுக்கு வர வேண்டுமா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை, அது வேறு கதை.

ஒடிசா, பீகாரிலிருந்து வந்து நிற்கிற பையன்களையும் விட்டுவிடாதீர்கள். படிவம் தமிழில் இருந்தால் அவர்களுக்குப் புரியாது, இங்கிலீஷில் இருந்தால் நம்மவர்களில் பாதிப் பேருக்கே புரியாது. வட்டத்துக்கு மொழி வேண்டாம். வேலைக்குப் பக்கத்தில் ஒரு படம் ஒட்டினால் போதும், தேதியை அவனே போடுவான். ஐடிஐயிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்குச் சேர்ந்த அன்றே ஒரு தாள் கொடுத்துவிடுங்கள். தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் 71 அரசு ஐடிஐகளைப் புதுப்பித்திருக்கிறது. அங்கே ரோபோவையும் நவீன சிஎன்சியையும் பார்த்துவிட்டு வருகிற பையனை நாம் முதல் ஆறு மாதம் பிசிறு நீக்கும் டிபரிங்கில் உட்கார வைக்கிறோம். அவன் என்ன கற்றுக்கொண்டு வந்தான் என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றுவதில்லை. அது மறந்துபோக ஆறு மாதம் தாராளம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை, ஆளுக்கு அரை மணி நேரம். தாள், பேனா, ரிஜிஸ்டர். அவன் எழுதியதை அவனோடு உட்கார்ந்து படிக்க ஷாப்பைத் தெரிந்த ஒருவர். அடுத்த ஆறு மாதத்தில் எந்த ஒரு வட்டத்தை அரை அங்குலம் நகர்த்தப் போகிறோம் என்று அவன் வாயால் சொல்லட்டும். ஒன்றே ஒன்று போதும், மூன்று நாலு எழுத விடாதீர்கள். எழுதினால் எதுவும் நடக்காது. அதற்காக மாதத்தில் ஒரு நாள், ஆர்டர் நெருக்கடி இல்லாத ஒரு சனிக்கிழமை, மெஷினையும் நாலு ஸ்கிராப் பீஸையும் அவனுக்கு விடுங்கள். ஆறு மாதம் கழித்து, சொன்னது நடந்ததா என்று அதே தாளில் அவனே எழுதட்டும். நடக்காததற்குக் காரணம் மெஷின் கிடைக்கவில்லை என்று எழுதினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அது உங்களுக்கான வெறும் வட்டம்.

ஆயுத பூஜைக்கு மெஷின் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு நாள் முழுக்க நிறுத்திவைப்போம். உங்கள் சம்பளப் பேச்சு தீபாவளியை ஒட்டி இல்லையென்றால், பொரி கடலை சாப்பிட்டுக்கொண்டு எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கிற அந்த மத்தியானத்தில் முதல் தாளைக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் ஷாப்பில் போன வருடம் அப்படித்தான் செய்தோம். நானும் ஒன்று எழுதினேன். ஐந்து ஆக்சிஸ் செட்டிங்: வெறும் வட்டம். கொட்டேஷன் போடுவது: கால். ஆள் தப்பு செய்யும்போது குரலை உயர்த்தாமல் சொல்வது என்ற வரியைப் பையன்களே சேர்த்துவிட்டார்கள். அதில் எனக்கு நானே அரை வட்டம் போட்டேன். பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி, அதைக் கால் வட்டம் ஆக்கிவிட்டுப் போய்விட்டார்.

இப்படிக்கு,
உங்களில் யாரோ ஒருவரின் ஷாப்பில் நிற்கும்
ஒரு டர்னர்